புதைகுழி வாசிப்பு: எலும்பைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சில குறிப்புகள்

'எலும்புகள் பேசும்' என்ற வாசகத்தை நமது மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் இப்போது அடிக்கடி கேட்கிறோம். செம்மணியில் 2025ல் மறுபடி தோண்டத் தொடங்கியதிலிருந்து இந்த வாசகம் இல்லாமல் ஒரு கூட்டமும் முடிவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எலும்பு பேசாது. அதை யாரோ வாசிக்கிறார்கள். அந்த வாசிப்புக்கென்று ஓர் இலக்கணம் உண்டு, செலவு உண்டு, அதை நடத்துகிற நிறுவனம் உண்டு. அந்த நிறுவனத்தின் சாவி யாரோ ஒருவர் இடுப்பில் தொங்குகிறது. இதையெல்லாம் மறந்துவிட்டு, எலும்பே நேராக வந்து நம் காதில் உண்மையைச் சொல்வதாக நாமே ஒரு பாவனையை வளர்த்தோமானால் என்ன ஆகும்? நாளைக்கு ஓர் ஆய்வறிக்கையைக் காட்டி, எலும்பு பேசிவிட்டது, நீங்கள் வாயை மூடலாம் என்று அவர்கள் சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது. மன்னாரில் 2019ல் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

தோண்டியெடுத்த எலும்புகளின் புகைப்படங்கள் வெளிவந்ததும் இரண்டு விதமான வாசிப்புகள் கிளம்புகின்றன. பழுப்பேறி, நொறுங்கிக் கிடக்கிறதே, இது முப்பது வருசத்து எலும்பா, பழைய சுடுகாட்டு எலும்பு என்பது ஒன்று. இவ்வளவு முழுசாக இருக்கிறதே, அப்படியானால் சமீபத்தியதுதான் என்பது மற்றது. முதலாவதை அரசின் ஆட்கள் சொல்கிறார்கள், இரண்டாவதை நாம் சொல்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: எலும்பு ஒரு கடிகாரம், சிதைவு அதன் முள். தடய அறிவியல் தெரிந்த எவரும் இந்த நம்பிக்கையை ஏற்கமாட்டார்.

எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரதம். தாது புரதத்தை நுண்ணுயிர்களிடமிருந்து காக்கிறது, புரதம் தாதுவை உடையாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்று போனால் மற்றது நெடுநாள் நிற்காது. அமில மண் தாதுவைக் கரைத்துவிடும். வெப்பமும் ஈரமும் பாக்டீரியாவும் புரதத்தைச் சிதைக்கும். அமிலமண்ணில், சூடான ஊரில், சில பத்தாண்டுகளில் ஒரு முழு எலும்புக்கூடு மண்ணில் நிறமாற்றமாக மட்டும் எஞ்சக்கூடும். சுண்ணாம்பும் சிப்பியும் கலந்த மணலிலோ பல நூற்றாண்டு அப்படியே கிடக்கும். கொந்தகையில் தாழிகளுக்குள் இரண்டாயிரம் ஆண்டு தாண்டிய மண்டையோடுகள் கிடைத்து, அவற்றிலிருந்து முகங்களையே 2025ல் மீட்டுருவாக்கிக் காட்டினார்களே, அங்கே எலும்பைக் காத்ததில் அந்தத் தாழிக்கும் பங்கு உண்டு.

நீர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தேங்கி நிற்கிற நீர் எலும்புக்கு அவ்வளவு பெரிய எதிரியல்ல. கரைந்த தாது சுற்றியுள்ள நீரிலேயே நிறைந்துவிட்டால் மேற்கொண்டு கரைவது மட்டுப்படும். காற்றுப் புகாத சேற்றில் உடற்கொழுப்பே சவர்க்காரம்போல் இறுகி உடலைக் காப்பதும் உண்டு. வந்து வந்து வடிகிற நீர்தான் எதிரி. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டு போகும், வெயிலில் காய்ந்து வெடிக்கும், அடுத்த மழை வெடிப்புக்குள் இறங்கும். ஆழம் குறைந்தால் இது வேகமாகும்; வேரும் பூச்சியும் நாயும் சேர்ந்துகொள்ளும். ஒரே குழியில் பலரைக் குவித்திருந்தால் நடுவில் கிடப்பவர் ஓரத்தில் கிடப்பவரைவிட நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருப்பார். அதாவது ஒரே நாளில், ஒரே துப்பாக்கியால் கொல்லப்பட்டு, ஒரே குழியில் தள்ளப்பட்ட இரண்டு பேரின் எலும்புகள் வெவ்வேறு காலத்தவைபோலத் தோன்றலாம்.

இதில் பெரிய நிபுணர்களே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னஸியில் 1977ல் கலைக்கப்பட்டிருந்த ஒரு கல்லறையில் கிடந்த உடலைப் பார்த்த மானிடவியலாளர் வில்லியம் பாஸ், இறந்து ஓராண்டுக்குள் இருக்கும் என்று கணித்தார். தசையில் சிவப்பு நிறம்கூட இருந்தது. பிறகு தெரிந்தது, அவர் உள்நாட்டுப் போரில் 1864ல் செத்த ராணுவ அதிகாரி என்று. பதனிட்ட உடல், இறுக மூடிய வார்ப்பிரும்புப் பெட்டி. கணக்கு 113 ஆண்டு தப்பிப்போனது. பாஸ் இதை மறைக்கவில்லை. நன்கொடையாகப் பெற்ற உடல்களை மண்ணில் வைத்து, அழிவது எப்படி என்று நாள்தோறும் பார்க்கும் ஆய்வுக்களத்தை 1981ல் தொடங்கினார். அங்கே கிடைத்த பாடம், அந்த மண்ணுக்கும் அந்த வானிலைக்குமான பாடம். வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டமுடியாது. நமது சட்ட மருத்துவப் பாடப்புத்தகங்களில் இன்றும் வரும் காஸ்பர் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: காற்றில் ஒரு வாரம், நீரில் இரண்டு வாரம், மண்ணில் எட்டு வாரம். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் குளிரில், சதையின் அழுகலைப் பற்றிச் சொன்னது. எலும்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மண்ணின் கணக்கு வேறு, நிர்வாகத்தின் கணக்கு வேறு என்பதற்குத் தூரப் போகவேண்டியதில்லை. இதை எழுதுகிற இராஜா அண்ணாமலைபுரத்திலேயே, அடையாற்று முகத்துவாரப் பக்கம், குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இடமில்லாத இந்த நகரத்தில் ஒரு குடும்பக் கல்லறையைத் திறந்து இன்னொருவரை அடக்க 14 ஆண்டு கழியவேண்டும் என்பது நீண்டகாலம் இருந்த விதி. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், என்ன பெட்டியில் என்ற கேள்வி அந்த எண்ணுக்கு இல்லை. குழி வெட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி உண்டு. மணல் குழி எப்படி, களிமண் குழி எப்படி, நீர் ஊறுகிற ஓரத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர் அவர். அவரை எந்த நீதிமன்றமும் நிபுணராகக் கூப்பிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. காரணம் என்ன சாதியில் பிறந்தவர்கள் அந்த மண்வெட்டியைப் பிடிக்க வைக்கப்பட்டார்கள் என்பதில் இருக்கிறது. அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

இங்கிருந்து கடற்கரை வழியாகக் கொஞ்சம் வடக்கே போனால் காமராசர் சாலையில் தடய அறிவியல் துறையின் கட்டடம். இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849ல் சென்னையில்தான் தொடங்கியது. அதன் வாரிசு இது. தெற்கே போனால் திருவான்மியூர். ஆட்டோ சங்கர் வழக்கில் 1988ல் வீடுகளுக்குள் புதைத்திருந்த உடல்களைத் தோண்டினார்கள். மண்டையோட்டின்மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறையில் தடய அறிவியல் துறை இறந்தவர்களை அடையாளம் சொன்னது. 1994ல் உச்சநீதிமன்றம் வரை போன வழக்கு. கவனிக்கவேண்டியது: அந்த வழக்கில் எப்போது புதைத்தார்கள் என்பதை எலும்பு சொல்லவில்லை. கூட்டாளி ஒருவர் அப்ரூவராகிச் சொன்னார். யார் என்பதற்கே எலும்பு துணைநின்றது. பெரும்பாலான புதைகுழி வழக்குகளில் தேதி மனித வாயிலிருந்து வருகிறது, அல்லது குழியிலிருக்கும் பொருளிலிருந்து வருகிறது. எலும்பின் தோற்றத்திலிருந்து வருவதேயில்லை.

இந்தப் பின்னணியோடு மன்னாருக்கு வரலாம்.

மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக 2018 மார்ச்சில் மண் தோண்டும்போது எலும்புகள் வந்தன. மாதக்கணக்கில் நடந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள், அவற்றில் இருபதுக்கும் மேல் குழந்தைகளுடையவை. கால்கள் கட்டப்பட்ட மாதிரிக் கிடந்ததாகவும் செய்திகள் வந்தன. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் குழியோரத்தில் வந்து நின்றார்கள். ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. அத்தோடு அகழ்வு நின்றது. தென்னிலங்கைப் பத்திரிகைகள் ஒரு வாரம் சிரித்தன. நமது பக்கம், அறிக்கை பொய், மோசடி என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது.

இந்த ஒரு வரியை நான் ஏற்கவில்லை. தோழர்கள் கோபிக்கலாம்.

கதிரியக்கக் கார்பன் கணிப்பு எலும்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. எஞ்சிய கொலாஜனில் அந்தக் கார்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறது. இதிலும் பிழை வரும். கடலுணவை மிகுதியாகத் தின்றவரின் எலும்பு உள்ளதைவிடச் சில நூறு ஆண்டு பழையதாகக் காட்டும். மன்னார் தீவுவாசிகள் விஷயத்தில் இது சாதாரணத் திருத்தமல்ல. ஆகவே 1404 முதல் 1635 என்பதைக் கொஞ்சம் இந்தப்பக்கம் நகர்த்தக் கேட்கலாம். ஆனால் 1990க்கு நகர்த்தமுடியாது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் காற்றுவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் வடகோளக் காற்றில் கதிரியக்கக் கார்பன் 1963 வாக்கில் ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பின் சாப்பிட்டு வளர்ந்த ஒவ்வோர் உடலிலும், உங்கள் எலும்பிலும் என் எலும்பிலும், அந்தக் குண்டுகளின் முத்திரை இருக்கிறது. மாதிரி மாசுபட்டாலொழிய, 1990ல் கொல்லப்பட்ட ஒருவரின் எலும்பு 1500 என்று காட்ட வழியில்லை. சுண்ணாம்பு மணலில் அவ்வளவு பழைய எலும்பு முழுசாகக் கிடப்பதிலும் அதிசயமில்லை.

அப்படியானால் அறிக்கை அரசின் கட்சியை நிரூபித்துவிட்டதா? இல்லை. ஆறு மாதிரிகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. 300 பேரில் ஆறு. அதே குழியில் ஒழுங்காகக் கிடத்தப்பட்டவையும் ஒழுங்கில்லாமல் குவிந்தவையும் இருந்தன. அண்மைக்காலப் பிஸ்கட் உறை ஒன்று கிடைத்ததைக் குடும்பங்களின் வழக்கறிஞர்கள் எழுப்பினார்கள். கார்பன் முடிவு மற்றக் கண்டுபிடிப்புகளோடு ஒத்துவரவில்லை என்று அகழ்வில் இருந்த தொல்லியலாளர் ராஜ் சோமதேவவும் சொன்னார். ஓரிடத்தில் இரண்டு காலம் இருக்கமுடியும். கேட்டிருக்கவேண்டியது ஆறு மாதிரி எந்த அடுக்கிலிருந்து, எந்தக் கிடையிலிருந்து, யார் எடுத்தது, மற்ற அடுக்குகளிலிருந்து ஏன் எடுக்கவில்லை என்பதை. 'மோசடி' என்ற சொல் இந்தக் கேள்விகளையெல்லாம் விழுங்கிவிட்டது. நம் கையாலேயே நாம் மூடிய குழி அது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஐந்நூறு வருசத்து எலும்பு என்றதும் நமக்கு ஆர்வம் ஏன் போய்விட்டது? மன்னாரில் 1544ல் கிறித்தவத்துக்கு மாறிய நூற்றுக்கணக்கானவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவாக ஆலயம் உண்டு. 1560ல் போர்த்துக்கீசர் தீவைப் பிடித்தார்கள். அந்தக் காலவரம்புக்குள் இத்தனையும் அடங்குகிறது. சதொசக் குழி இவற்றில் எதனுடையது என்று நான் சொல்லவரவில்லை. குழந்தைகளோடு முந்நூறு பேர் நகரத்தின் நடுவில் புதைந்து கிடந்திருக்கிறார்கள். கொன்றது சிங்கள ராணுவம் இல்லை என்றால் அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை என்றாகிறது. நமது தேசியச் சொல்லாடலில் பிணங்களுக்கும் ஒரு தகுதி நிர்ணயம் இருக்கிறது என்பது இங்கே அம்பலமாகிறது.

தெற்கிலும் இதேதான். மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 2012 நவம்பரில் வேலையாட்கள் தோண்டும்போது புதைகுழி வெளிப்பட்டது. 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். கூடக் கிடைத்த பொருள்களை வைத்து 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்றார் இதே சோமதேவ, ஜே.வி.பி. கிளர்ச்சியை நசுக்கிய காலம். பிறகு அதே அமெரிக்க ஆய்வகத்தின் கணிப்பு 1950க்கு முந்தியது என்றது, ஆணைக்குழுவும் அந்தப்பக்கம் சாய்ந்தது. இருபது வயதில் 1989ல் செத்தவன் 1969ல் பிறந்தவன். குண்டு முத்திரை அவன் எலும்பில் தப்பவே முடியாது. ஆக அங்கேயும் பிரச்சினை, எந்த எலும்பு எந்தப் பொருளோடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதில் வந்து நிற்கிறது. அந்தக் குழியில் யாரைத் தேடினார்களோ அவர்களுடைய கட்சி 2024லிருந்து ஆட்சியில் இருக்கிறது. மாத்தளையை அவர்கள் மறுபடி திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாத்தளை, மன்னார், செம்மணி, 2023 ஜூனில் கொக்குத்தொடுவாய், எல்லாவற்றிலும் முதலில் எலும்பைக் கண்டவர்கள் கூலிக்கு மண் வெட்டியவர்கள். குழாய் பதிக்க, கட்டடம் எழுப்ப, தகனமேடை கட்ட. எந்த அரசும் தேடிப்போய் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. கொக்குத்தொடுவாயில் 52 பேரின் எச்சங்கள் வந்தன, சீருடைத் துணியும் இலக்கத் தகடும் கூடக் கிடைத்ததால் 1994க்கும் 1996க்கும் இடையில் என்று சொல்லமுடிந்தது. செயற்கை இழை மக்காது. பருத்தி மக்கிவிடும், ஆனால் பொத்தானும் ஜிப்பும் உள்ளாடையின் எலாஸ்டிக்கும் மக்காது. அதனால்தான் செம்மணியில் பல எலும்புக்கூடுகளோடு துணியே இல்லை என்ற செய்தியை அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது என்கிறேன். துணி இல்லை என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. மண்ணைச் சலித்தபிறகும் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை என்றால் அது பெரிய விஷயம். சலித்தார்களா, எந்தக் கண்ணளவு சல்லடையில், பதிவு எங்கே?

செம்மணிக்குத் தேதி சொல்லும் மனித வாய் ஏற்கெனவே உண்டு. பள்ளி மாணவி ஒருத்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற ராணுவக் கோப்ரல், 1998 ஜூலையில் நீதிமன்றத்திலேயே, 300 முதல் 400 பேர் வரை அங்கே புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999ல் தோண்டியதில் கிடைத்தது 15. பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பிப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலையில் எலும்பு வந்தது, மே மாதம் அகழ்வு தொடங்கியது, செப்டம்பர் தொடக்கத்துக்குள் சுமார் 240 எலும்புக்கூடுகள். நீலநிறப் பள்ளிப்பை, பொம்மை, பால்போத்தல்.

அது மயானம்தானே என்பார்கள். இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சைவ வழக்கத்தில் கைக்குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். ஆகவே குழந்தை எலும்பு என்பதாலேயே அது கொலையாகிவிடாது. ஆனால் சடங்கோடு புதைத்த குழந்தை பெரியவர்களின் எலும்புகளுக்கு நடுவே, ஆழமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்காது. பள்ளிப்பை அதைச் செய்த வருடத்துக்கு முன்னால் அங்கே வந்திருக்கமுடியாது. வாதம் இந்த ஒழுங்கில்தான் நிற்கும்: கிடை, ஆழம், பொருள், பிறகு கார்பன், பிறகு டி.என்.ஏ. இதில் எங்கேயும் எலும்பின் 'பழமைத் தோற்றம்' வரவில்லை. ஆனால் அரசுத் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும் என்பது என் ஊகம். சுண்ணாம்புப் பாறைமேல் அமர்ந்த குடாநாடு எலும்பைக் காக்கும். ஆழமில்லாத குழி, உப்புத்தரவை, வருடாவருடம் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிச் சித்திரையில் வெடிக்கிற நிலம் அதை அழிக்கும். இரண்டு சக்திகளில் எது வென்றது என்பதை அந்தந்தக் குழியில், அந்தந்த எலும்புக்கூட்டுக்குக் கீழே எடுத்த மண்ணை அளந்தால்தான் சொல்லலாம். கொழும்பில் உட்கார்ந்துகொண்டோ, சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாமோ சொல்லமுடியாது.

இதனால்தான் நமது கோரிக்கையின் அழுத்தம் எலும்பிலிருந்து மண்ணுக்கு மாறவேண்டும். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி போனபின் முதலில் புல்டோசரை விட்டுக் கல்லறைகளைக் கிளறினார்கள். எலும்புகள் கலந்து உடைந்து, எது யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. 1984ல் கிளைட் ஸ்னோ அங்கே போய் மாணவர்களைச் சேர்த்து, கரண்டியும் தூரிகையுமாய்த் தோண்டக் கற்றுக்கொடுத்தபிறகே நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம் வந்தது. நம்மூரில் 2015 செப்டம்பரில் மேலூர் அருகே சின்னமலம்பட்டியில், கிரானைட் குவாரி நரபலிப் புகாரில் தோண்டவேண்டிய இடத்தை விட்டு அகலாமல், சட்ட ஆணையர் சகாயம் இரவு முழுதும் சுடுகாட்டிலேயே படுத்தார். பத்திரிகைகள் அதை வீரச்செயலாகப் படம் போட்டன. ஆனால் அவர் காவல் காத்தது எலும்பை அல்ல. மண் கலையாமல் இருப்பதைக் காத்தார். ஓர் இரவில் யாராவது மண்வெட்டியோடு வந்து அடுக்கைக் குழப்பிவிட்டால் எலும்பு அங்கேயே இருக்கும், சாட்சியம் போய்விடும்.

செம்மணியில் அந்தக் காவலை யார் செய்வது? கொட்டகை போட்டு மூடினால் மட்டும் போதாது. நிலத்தடி நீர் கீழிருந்தல்லவா ஏறுகிறது. குழந்தை எலும்பு மெலிது, தாது குறைவு, நுண்துளை அதிகம். பெரியவர்களின் தொடையெலும்பு தாக்குப்பிடிக்கிற மண்ணில் கைக்குழந்தையின் விலாவெலும்பு தாங்காது. ஆகவே இதுவரை எண்ணிய குழந்தைகள் குறைந்தபட்ச எண்ணிக்கையே, புதைக்கப்பட்டவர்கள் அதைவிடக் கூட இருக்கலாம். நிதி வரவில்லை, மழை வந்துவிட்டது, அடுத்த கட்டம் பிறகு என்று தள்ளிப்போடப்படும் ஒவ்வொரு பருவமும் அந்த எண்ணிக்கையைக் கீழே இறக்குகிறது. இதற்கு யாரும் எதையும் அழிக்க உத்தரவிட வேண்டியதில்லை. கோப்பை மேசையில் வைத்திருந்தாலே போதும்.

குடும்பங்களின் தரப்பில் வைக்கவேண்டிய கோரிக்கைகளில் இரண்டை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். கார்பன் ஆய்வுக்குப் போகும் மாதிரிகள் எந்தக் கிடைகளிலிருந்து என்பதை, குடும்பங்கள் நியமிக்கும் நிபுணர் முன்னிலையில், அனுப்புவதற்கு முன்பே நீதிமன்றத்தில் எழுதிவைக்கவேண்டும். ஆறு போதாது, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் வேண்டும், அணுகுண்டு முத்திரையைத் தனியாகப் பார்க்கச் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதி, அதனடியிலிருந்த மண்ணோடு சேர்த்து, முத்திரையிட்டு யாழ்ப்பாணத்திலேயே இருக்கவேண்டும்.